அடுக்கு ஊடுருவல்கள்: படிகம் அடியில் மூழ்குவதால்தான் மாக்மா மாறுகிறதா?

கரும்பாறை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை நிலவியல் படிக்கிறேன். தீப்பாறையியல் பாடத்தில் இப்போது அடுக்கு ஊடுருவல்களுக்கு, அதாவது பூமிக்குள் புகுந்து அடுக்கடுக்காக உறைந்த மாக்மா உடல்களுக்கு, வந்திருக்கிறோம். பாடத்தில் சொல்வது சுருக்கமாக இதுதான்: பூமிக்குள் ஒரு பெரிய அறையில் பசால்ட் மாக்மா தேங்குகிறது. ஆற ஆற ஆலிவின், பிளாஜியோகிளேஸ், பைராக்ஸீன் என்று படிகங்கள் வருகின்றன. கனமானவை அடியில் போய்ப் படிகின்றன. அவை பிடித்துக்கொண்ட தனிமங்கள் போக, மிஞ்சிய குழம்பின் வேதியியல் வேறாகிறது. அடுத்து வரும் படிகமும் அதற்கேற்ப மாறுகிறது.

கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரீன்லாந்தின் ஸ்கேர்கார்டு ஊடுருவலைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகப் படித்ததும் இடிக்கிறது. அங்கே அடித்தளப் பாறையில் பாதிக்கு மேல் பிளாஜியோகிளேஸ். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.65 முதல் 2.70 கிராம் வரை. அதைச் சூழ்ந்திருந்த குழம்போ இரும்பு மிகுந்தது, 2.7க்கு மேல். மிதக்க வேண்டிய படிகம் அடியில் என்ன செய்கிறது? போதாக்குறைக்கு, பக்கச் சுவரிலும் கூரையிலும்கூட அதே கனிம வரிசை இருக்கிறது என்கிறார்கள். சுவரில் எப்படிப் படிவு விழும்?

விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

---

நுண்ணோக்கி

மூழ்குதல் என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு அதன் குறைக்கு வருவோம். அது வெறும் ஊகமாகத் தொடங்கவில்லை. 1915இல் நார்மன் போவன், சிறு மூசையில் சிலிக்கேட் உருகலை வைத்து, அதில் பிறந்த ஆலிவின் படிகங்கள் அடியில் போய்த் தங்குவதைச் சோதனையிலேயே காட்டினார். உருகலைத் திடீரெனக் குளிர்வித்து, வெட்டி, எந்த உயரத்தில் எத்தனை படிகம் என்று பார்த்தார். ஒரே மாக்மாவிலிருந்து வேறுவேறு பாறைகள் வரலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அன்று கிடையாது.

பிறகு 1930இல் லாரன்ஸ் வேஜர் கிழக்குக் கிரீன்லாந்துக் கரையில் ஸ்கேர்கார்டைக் கண்டார். 1935–36இல் அவரும் குழுவினரும் அங்கேயே குளிர்காலத்தைக் கழித்து வேலை செய்தார்கள். வேஜரும் டியரும் 1939இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையையே உருவாக்கிவிட்டது என்று நான் தயங்காமல் சொல்வேன். சுமார் 7 கிலோமீட்டருக்கு 11 கிலோமீட்டர் அளவில், 5.6 கோடி ஆண்டுக்கு முன் உறைந்த ஒரு உடல். ஒரு பக்கமாகச் சாய்ந்து, பனியாறு அரித்து, அடியிலிருந்து உச்சி வரை குறுக்குவெட்டாகத் திறந்து கிடக்கிறது. ஒரு மாக்மாவின் வாழ்க்கையை நடந்துபோயே படித்துவிடலாம்.

அந்த நடையில் தெரிவது இது. கீழ் மண்டலத்தில் பிளாஜியோகிளேஸும் ஆலிவினும். கொஞ்சம் மேலே ஆகைட் என்ற பைராக்ஸீன் சேர்கிறது. இன்னும் மேலே மேக்னடைட், இல்மனைட் என்ற இரும்பு ஆக்சைடுக் கனிமங்கள். நடு மண்டலத்தில் ஆலிவின் காணாமல் போகிறது. மேல் மண்டலத்தில் அது திரும்ப வருகிறது, ஆனால் இரும்பு மிகுந்த வேறொரு ஆலிவினாக. அதற்கு மேலே அபடைட் என்ற பாஸ்பேட் கனிமம். உச்சிக்கு வரும்போது ஆலிவினில் மக்னீசியம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. பிளாஜியோகிளேஸிலும் அப்படித்தான்; கால்சியம் குறைந்து சோடியம் ஏறிக்கொண்டே வருகிறது. வெறுங்கண்ணுக்கு இந்த மாற்றம் தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் பாறைகள் ஒரே மாதிரி இருக்கும். வேதியியல் அளந்தால்தான் புலப்படும். அதனால்தான் இதை மறை அடுக்கு என்கிறோம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆலிவின், குரோமைட், மேக்னடைட் போன்ற கனமான படிகங்கள் மூழ்கத்தான் செய்யும். நீர்மத்தில் துகள் இறங்கும் வேகத்தைத் தரும் ஸ்டோக்ஸ் விதியைப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள ஆலிவின், அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 600 கிலோ, குழம்பின் பாகுநிலை 50 பாஸ்கல்-நொடி என்று வைத்தால், நாளைக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கும். ஆண்டுக்கு முக்கால் கிலோமீட்டர். ஸ்கேர்கார்டு உறைய ஒரு லட்சம் ஆண்டு போலத் தேவைப்பட்டிருக்கும் என்பது வெப்பக் கணக்கு. ஆகவே நேரம் ஒரு தடையே இல்லை.

பிளாஜியோகிளேஸுக்கு இந்தக் கணக்கு உதவாது. 1970இல் பாட்டிங்காவும் வைலும் சிலிக்கேட் உருகல்களின் அடர்த்தியைக் கணக்கிடும் முறையைத் தந்த பிறகு இந்தச் சிக்கலை யாராலும் ஒதுக்கிவிட முடியவில்லை. வேஜருக்கே ஒரு விடை இருந்தது: குளிர்ந்த சுவரோரமாக, படிகம் கலந்த குழம்பு மொத்தமாகக் கனத்துக் கீழே வழிகிறது, தனித்தனிப் படிகம் மிதக்கும் தன்மை உடையதாக இருந்தாலும் அந்த ஓட்டம் அதை அடிக்கு இழுத்து வந்துவிடும். இது பாதி விடை. இழுத்து வந்த பிறகு அது ஏன் மீண்டும் மேலே போகவில்லை என்று கேட்பதும் நியாயம்தான்.

மீதிப் பாதி 1979இல் மெக்பிர்னியும் நாய்ஸும் சொன்னது. படிகங்கள் எங்கிருந்தோ வந்து விழவில்லை, அந்தந்த இடத்திலேயே வளர்ந்தன என்றார்கள். தரை, சுவர், கூரை மூன்றிலும் குளிர்ந்த எல்லை ஓரமாகப் படிகங்கள் பிறந்து ஒட்டிக்கொள்கின்றன. வெங்காயத் தோல் போல ஊடுருவல் வெளியிலிருந்து உள்நோக்கி உறைகிறது. நீங்கள் கேட்ட சுவர் வரிசைக்கும் கூரை வரிசைக்கும் இதுவே இயல்பான விளக்கம். தரையிலிருந்து மேல்நோக்கி வளர்ந்த தொடரும் கூரையிலிருந்து கீழ்நோக்கி வளர்ந்த தொடரும் ஒரு கோட்டில் சந்திக்கின்றன. அதற்கு சாண்ட்விச் தளம் என்றே பெயர். கடைசிச் சொட்டுக் குழம்பு உறைந்த இடம் அது.

---

தாதுவேட்டை

நுண்ணோக்கி அண்ணா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த "இருந்த இடத்திலேயே வளர்ந்தது" விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு படிவையே மறுக்கும் போக்கு வந்துவிடக் கூடாது. சுரங்க நிலவியலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்கேர்கார்டின் தரை அடுக்குகளில் கூரையிலிருந்து பெயர்ந்து விழுந்த பெரிய பாறைத் துண்டங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் அடுக்குகள் நசுங்கி வளைந்திருக்கின்றன. மேலே வந்த அடுக்குகள் துண்டத்தைச் சுற்றிப் படர்ந்து மூடியிருக்கின்றன. தரை மெத்தென்ற கூழாக இருந்தது, அதன்மேல் பொருட்கள் வந்து விழுந்தன, பிறகும் படிவு தொடர்ந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? குறுக்கு அடுக்குகளும் ஓடைப் பள்ளம் போன்ற வளைவு அடுக்குகளும் இருக்கின்றன. மணற்பாறையில் பார்ப்பதைப் போலவே.

இன்னொன்று. மாக்மா சுழன்றுகொண்டிருந்தால் படிகம் மூழ்காது என்று ஒரு வாதம் உண்டு. 1988இல் மார்ட்டினும் நோக்ஸும் சோதனை செய்து பார்த்தார்கள். தொட்டிக்குள் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், தரையை ஒட்டிய மெல்லிய பகுதியில் வேகம் பூஜ்யத்தை நெருங்குகிறது. அங்கே வரும் துகள்கள் தங்கிவிடுகின்றன. சுழற்சி படிவைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

---

வார்ப்பட்டறை

நான் நிலவியல்காரன் இல்லை. உலோகவியல். எங்கள் துறையில் இந்தக் கேள்வி வேறு வடிவில் தினமும் வரும் என்பதால் எழுதுகிறேன்.

உருகிய கலப்புலோகம் வார்ப்பில் உறையும்போது முதலில் உறைவதற்கும் கடைசியில் உறைவதற்கும் சேர்மானம் வேறுபடும். அதற்கு எந்தப் படிகமும் மூழ்க வேண்டியதில்லை. வளரும் படிகக் கிளைகளுக்கு இடையில் இருக்கும் நீர்மம் தனக்கு வேண்டாததை எல்லாம் சேர்த்துக்கொண்டு, அடர்த்தி மாறி, தானாகவே நகர்ந்துவிடுகிறது. நிக்கல் மீக்கலப்புலோகத்தில் விசையாழி அலகுகள் வார்க்கும்போது, அந்த நீர்மம் இலகுவாகி, கூழைத் துளைத்துக்கொண்டு ஊற்று போல மேலே கிளம்பும். உறைந்த பிறகு அந்தத் தடம் சங்கிலிப் புள்ளியாகத் தெரியும். எங்களுக்கு அது குறைபாடு. இதையே அம்மோனியம் குளோரைடு கரைசலை அடியிலிருந்து குளிர்வித்துக் கண்ணாடித் தொட்டியில் பார்க்கலாம்.

என் கேள்வி: மாக்மாவிலும் படிகம் அசையாமல் நிற்க, நீர்மம் வெளியேறினால் போதும்தானே? விளைவு ஒன்றுதான். படிகம் குழம்பைவிட்டுப் போனாலும் சரி, குழம்பு படிகத்தைவிட்டுப் போனாலும் சரி, பிரிவு நடந்துவிடுகிறது.

---

நுண்ணோக்கி

வார்ப்பட்டறை தொட்ட இடம்தான் மையம். பின்னப் படிகமாதலுக்கு, அதாவது படிகம் பிரியப் பிரிய மிச்சக் குழம்பு மாறுவதற்கு, தேவை பிரிவு. அது எந்த வழியில் நடந்தது என்பது இரண்டாவது கேள்வி. 1984இல் டெய்ட், ஹப்பர்ட், ஸ்பார்க்ஸ் மூவரும் நீங்கள் சொன்ன சேர்மானச் சுழற்சியை அடுக்கு ஊடுருவல்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியதும் இப்படிப்பட்ட உப்புக் கரைசல்களைத்தான்.

ஆனால் மாக்மாவில் ஒரு திருப்பம் உண்டு. எந்தக் கனிமம் உறைகிறது என்பதைப் பொறுத்து மிஞ்சும் நீர்மம் இலகுவாகவும் ஆகலாம், கனமாகவும் ஆகலாம். ஆலிவின் மட்டும் உறைந்தால் மக்னீசியமும் இரும்பும் போய்விடுகின்றன; மிச்சம் இலகு. மேலே கிளம்பும். பிளாஜியோகிளேஸ் நிறைய உறையத் தொடங்கினால் இலகுவானவை போய் இரும்பு தேங்குகிறது, மிச்சம் கனம். தரையில் பிறந்த அந்த நீர்மம் எங்கும் போகாது, அங்கேயே கிடக்கும். சுவரில் பிறந்ததோ கீழே வழியும். மேக்னடைட் உறையத் தொடங்கியதும் நிலைமை மறுபடி புரள்கிறது. ஆக ஒரே ஊடுருவலின் வரலாற்றில் இந்த இயக்கம் நின்று, திரும்பி, வேறு திசையில் ஓடும்.

நீர்மம் கனமாக இருக்கும் கட்டத்தில் அதை வெளியேற்றுவது எது? மேலே குவியும் படிகங்களின் எடை. கூழ் அமுங்குகிறது, நீர்மம் பிதுங்கி மேலே போகிறது. ஸ்கேர்கார்டில் அடியிலிருந்து மேலே போகப் போகப் பாறைக்குள் சிக்கிய நீர்மத்தின் பங்கு குறைகிறது. வேகமாக ஆறிய அடிப்பகுதியில் அமுங்க நேரம் இல்லை, மேலே அந்த நேரம் கிடைத்தது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

---

கரும்பாறை

மிக்க நன்றி. பிரிவு ஏன் நடக்கிறது என்பது இப்போது பிடிபடுகிறது. ஆனால் அடுக்கு எங்கே? எல்லை ஓரமாக மெதுவாக வளர்ந்தால் ஒரே சீராக மாறிக்கொண்டே போக வேண்டும். படங்களில் கருப்பு வெள்ளைக் கோடுகளாக, அளவுகோல் வைத்து வரைந்தது போல இருக்கிறதே?

---

நுண்ணோக்கி

இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பாடநூல்களும் அதைத்தான் செய்கின்றன, எனக்கு அதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

மாக்மாவின் பரிணாமம் என்பது மறை அடுக்கு. ஆயிரக்கணக்கான மீட்டர் உயரத்தில் நிதானமாக நடப்பது. கண்ணுக்குத் தெரியும் கோடுகள் சென்டிமீட்டர், மீட்டர் அளவில் நடப்பவை. ஒரு கருங்கோட்டிலும் அதை ஒட்டிய வெண்கோட்டிலும் உள்ள பிளாஜியோகிளேஸை அளந்தால் சேர்மானம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதாவது அந்த இரண்டு கோடுகளுக்கு இடையில் மாக்மா பரிணமிக்கவில்லை. கனிமங்களின் விகிதம் மட்டும் மாறியிருக்கிறது.

முதலாவதுக்கு ரேலி சமன்பாடு போதும். ஒரு தனிமத்தின் பங்கீட்டுக் கெழு (படிகத்தில் அதன் செறிவு நீர்மத்தில் உள்ளதைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 10 என்று வைப்போம், ஆலிவினில் நிக்கல் போல. மாக்மாவில் 20 சதவீதம் உறைந்து பிரிந்தால் மிஞ்சிய நீர்மத்தில் அந்தத் தனிமம் தொடக்கத்தில் இருந்ததில் 13 சதவீதம்தான் இருக்கும். கெழு பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் நேர்மாறு: பாதி உறைந்ததும் செறிவு இரட்டிப்பு, முக்கால் உறைந்ததும் நான்கு மடங்கு. பாஸ்பரஸ் அப்படித்தான் ஏறிக்கொண்டே போய், நீர்மம் இனித் தாங்காது என்ற நிலையில் அபடைட்டாக இறங்குகிறது. மேல் மண்டலத்தில் அபடைட் திடீரென முளைப்பதன் காரணம் அதுவே.

இரண்டாவதுக்கு ஒரே விடை கிடையாது, ஒன்றைத் தேடவும் கூடாது என்பது என் கருத்து. அடியில் கருமையாகத் தொடங்கி மேலே வெளுக்கும் அடுக்குகளில், படிகம் கலந்த ஓட்டம் வந்து நின்று எடைவாரியாகப் பிரிந்திருக்கலாம். அமெரிக்காவின் ஸ்டில்வாட்டர் ஊடுருவலில் அங்குல இடைவெளியில் இரட்டைக் கோடுகளாக வரும் பைராக்ஸீன் அடுக்குகளை அப்படி விளக்க முடியாது. அங்கே சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்கள் வளர்ந்து, கூழ் தன்னைத்தானே பட்டைகளாகப் பிரித்துக்கொண்டது என்ற விளக்கம் பொருத்தமாக இருக்கிறது. கிரீன்லாந்தின் தெற்கே இலிமவுசாக் என்ற ஊடுருவலில் கருப்பு, சிவப்பு, வெள்ளை என்ற வரிசை 29 முறை திரும்பத் திரும்ப வருகிறது: ஆர்ஃப்வெட்சோனைட், யூடியலைட், பெல்ட்ஸ்பார். மூன்று நிறமும் மூன்று அடர்த்தி, கனமானது கீழே. ஆனால் 29 முறை அந்தச் சுழற்சியைத் தொடங்கி வைத்தது எது என்பதில்தான் விவாதம் நீடிக்கிறது.

---

ஆழ்கூழ்

இழை முழுவதும் ஒரு "அறை" இருந்தது என்று எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள். அதை யார் நிரூபித்தது? இன்று இயங்கும் எரிமலைகளுக்கு அடியில் நில அதிர்வு அலைகளை வைத்துத் தேடுகிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் உயரமுள்ள, முழுக்க உருகிய தொட்டி எங்கும் சிக்கவில்லை. சிக்குவதெல்லாம் படிகக் கூழ், அதற்குள் ஆங்காங்கே உருகல். 2017இல் கேஷ்மன், ஸ்பார்க்ஸ், பிளண்டி மூவரும் இந்தச் சித்திரத்தை விரிவாக முன்வைத்தார்கள். அதன்படி அடுக்கு ஊடுருவல் என்பது கூழுக்குள் தகடு தகடாகப் புதிய மாக்மா நுழைந்து நுழைந்து உருவானது.

தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் என்ற பெரிய அடுக்கு ஊடுருவலில் சான்றும் இருக்கிறது. 2016இல் மங்கல் குழுவினர் சிர்க்கான் என்ற கனிமத்தில் யுரேனியம்-ஈயக் காலக்கணிப்பு செய்தார்கள். அடியில் இருக்கும் சில அடுக்குகள் மேலே இருப்பவற்றைவிட இளையவை என்று வந்தது. கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால் இது எப்படி?

---

தாதுவேட்டை

இந்த வாதத்தை மதிக்கிறேன், ஆனால் புஷ்வெல்டை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதலில் அளவு. சுமார் 65,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, அடுக்குத் தொடர் மட்டும் 7 முதல் 9 கிலோமீட்டர் தடிமன், வயது 205 கோடி ஆண்டுக்குச் சற்று மேல். 1924இல் ஹான்ஸ் மெரன்ஸ்கி அடையாளம் காட்டிய பிளாட்டின அடுக்கு அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு மீட்டர் போலத் தடிமன் உள்ள அந்த அடுக்கை நூறு கிலோமீட்டருக்கும் மேலாகத் தொடர்ந்து பின்பற்றிப் போகலாம். தனித்தனித் தகடுகளாக நுழைந்தவை அத்தனை தூரம் ஒரே தடிமனில், ஒரே வரிசையில் எப்படி நிற்கும்?

அடுத்து எடைக்கணக்கு. ஒரு மீட்டர் தடிமனுள்ள குரோமைட் (குரோமியம் தாது) அடுக்கில், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டன் குரோமியம் ஆக்சைடு இருக்கிறது. மாக்மா தன் எடையில் 0.05 சதவீதக் குரோமியம் ஆக்சைடை விட்டுக்கொடுக்கும் என்று தாராளமாகவே வைத்தாலும், அந்த ஒரு மீட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயரமுள்ள மாக்மா வேண்டும். அது மேலே தேங்கி நின்றிருக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் ஓடிக் கடந்திருக்க வேண்டும். தகடுக்குள் தேங்கிய மெல்லிய குழம்பு இந்தக் கடனை அடைக்காது.

குரோமைட் மட்டும் ஏன் தனியாக உறைகிறது என்பதற்கு 1977இல் இர்வைன் கொடுத்த விளக்கம் எனக்கு மிகப் பிடித்தது. சாதாரணமாக ஆலிவினும் குரோமைட்டும் சேர்ந்தே உறையும், குரோமைட் மிகச் சிறு பங்கு. இரண்டும் சேர்ந்து உறையும் கோடு வரைபடத்தில் வளைந்து செல்கிறது. அந்த வளைவின்மேல் இருக்கும் பழைய மாக்மாவும் புதிய மாக்மாவும் கலந்தால், கலவை இரண்டுக்கும் இடையிலான நேர்கோட்டில் விழும். அந்த நேர்கோடு குரோமைட் மட்டும் உறையும் பகுதிக்குள் கிடக்கிறது. கலவை மறுபடி வளைவை எட்டும்வரை குரோமைட் மட்டுமே இறங்கும்.

கலத்தல் நடந்ததற்குத் தனிச் சான்றும் உண்டு. படிகம் பிரிவதால் மட்டும் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதம் மாறாது. ஆனால் மெரன்ஸ்கி அடுக்கு மட்டத்தில் அந்தத் தொடக்க விகிதம் சுமார் 0.706இலிருந்து 0.708க்கு மேல் ஏறுகிறது. வேறு மூலம் கொண்ட மாக்மா உள்ளே வந்தே ஆக வேண்டும். பழைய தரையை அது அரித்தும் இருக்கிறது. மெரன்ஸ்கி அடுக்கு சில இடங்களில் கீழே உள்ள அடுக்குகளை வெட்டிக்கொண்டு பள்ளமாக இறங்குகிறது. அந்தப் பள்ளங்களைத் திட்டமிடாமல் சுரங்கம் நடத்த முடியாது.

---

ஆழ்கூழ்

எடைக்கணக்கு வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு நீங்களே இரண்டு வழி சொன்னீர்கள்: மேலே தேங்கி நின்ற மாக்மா, அல்லது ஓடிக் கடந்த மாக்மா. இரண்டாவது வழி என் பக்கம்தான் வருகிறது. வாய்க்கால் போன்ற பாதையில் மாக்மா தொடர்ந்து ஓடி, குரோமைட்டை மட்டும் விட்டுவிட்டு எங்கோ வெளியேறியிருக்கலாம். ஐசோடோப்பு ஏற்றமும் புது மாக்மா வந்தது என்றுதான் சொல்கிறது. அது திறந்த அறைக்குள் வந்ததா, கூழுக்குள் வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. சிர்க்கான் வயதுக்கு உங்கள் பதில் என்ன?

---

நுண்ணோக்கி

சிர்க்கான் பற்றி நான் சொல்கிறேன். பசால்ட் மாக்மாவில் சிர்க்கான் முதலில் உறைவதில்லை. எல்லாம் உறைந்த பிறகு இடுக்குகளில் மிஞ்சிய கடைசி நீர்மத்தில்தான், பெரும்பாலும் 900 டிகிரிக்கும் கீழே, அது பிறக்கிறது. ஆகவே அது காட்டும் வயது அந்த அடுக்கு உருவான நாளா, அந்த அடுக்கின் இடுக்கு நீர்மம் ஆறிய நாளா என்ற கேள்வி இருக்கிறது. சூடான கூழ் பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆறாமல் கிடக்கும். கீழே கிடந்த அடுக்கு மேலே கிடந்ததைவிடத் தாமதமாக ஆறுவதில் முரண் இல்லை. அதே சமயம், வயது வேறுபாடு அளவுப் பிழையைத் தாண்டிப் பெரிதாக இருக்கும் இடங்களில் இந்தப் பதில் போதாது. அங்கே ஆழ்கூழ் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

என் நிலை: ஸ்கேர்கார்டும் புஷ்வெல்டும் ஒரே வகை இல்லை. ஸ்கேர்கார்டு ஒருமுறை நிரம்பி மூடிக்கொண்டு உறைந்தது. புஷ்வெல்டும் ஸ்காட்லாந்தின் ரம் தீவும் திறந்தே இருந்தவை, திரும்பத் திரும்ப மாக்மா வாங்கியவை. ஒன்றில் கற்றதை மற்றொன்றின்மேல் அப்படியே ஏற்றக் கூடாது.

---

கரும்பாறை

அப்படியானால் மூடிய ஸ்கேர்கார்டிலாவது மாக்மா எந்தப் பாதையில் பரிணமித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? ஒரு கட்டுரையில் இரும்பு ஏறியது என்றும் இன்னொன்றில் சிலிக்கா ஏறியது என்றும் இருக்கிறது.

---

நுண்ணோக்கி

அந்தச் சண்டை நூறு ஆண்டை நெருங்குகிறது. போவன் சிலிக்கா ஏறும் என்றார். 1929இல் கிளாரன்ஸ் ஃபென்னர், பசால்ட் உறையும்போது இரும்புதான் ஏறும் என்றார். வேஜரின் ஸ்கேர்கார்டு ஃபென்னர் பக்கம் நின்றது. 1959இல் ஆஸ்போர்ன் ஒரு வழி காட்டினார்: ஆக்சிஜன் அளவுதான் தீர்மானிக்கிறது. ஆக்சிஜன் நிலை உயர்ந்திருந்தால் மேக்னடைட் சீக்கிரமே உறைந்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும், சிலிக்கா ஏறும். தாழ்ந்திருந்தால் மேக்னடைட் தாமதமாகும், அதுவரை இரும்பு குழம்பிலேயே தேங்கும். தீவு வளைவு எரிமலைகள் (ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில் வளைவாக அமைபவை) முதல் வகை, ஸ்கேர்கார்டு இரண்டாம் வகை.

மேக்னடைட் உறையத் தொடங்கிய பிறகும் இரும்பு ஏறிக்கொண்டே இருந்ததா? 1987இல் ஹன்டரும் ஸ்பார்க்ஸும் இல்லை என்றார்கள். அவ்வளவு மேக்னடைட்டையும் இல்மனைட்டையும் வெளியே எடுத்தால் சிலிக்கா ஏறாமல் இருக்க வழியில்லை என்பது அவர்கள் கணக்கு. மெக்பிர்னி, நாஸ்லண்ட், மோர்ஸ் ஆகியோர் அடுத்த சில ஆண்டுகளில் எதிர்த்து எழுதினார்கள். சிக்கல் என்னவென்றால் நம்மிடம் இருப்பது படிகக் குவியல், நீர்மம் அல்ல. இல்லாத நீர்மத்தை எஞ்சிய படிகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு கன அளவு என்ற மதிப்பீடு கொஞ்சம் மாறினாலும் முடிவு மாறும்.

இதில் மூன்றாவது வழியும் உண்டு. 1974இலேயே மெக்பிர்னியும் நாகமுராவும், இந்த மாக்மா கடைசிக் கட்டத்தில் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு நீர்மங்களாகப் பிரியக்கூடும் என்று சோதனையில் காட்டினார்கள். 2005இல் ஜேக்கப்சன் குழுவினர் ஸ்கேர்கார்டு அபடைட் படிகங்களுக்குள் சிக்கிய நுண்துளிகளில் இரண்டையும் கண்டார்கள்: ஒன்று இரும்பு மிகுந்தது, மற்றொன்று சிலிக்கா மிகுந்தது. இரண்டு நீர்மங்கள் அருகருகே இருந்திருந்தால் "எது ஏறியது" என்ற கேள்வியையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். இரண்டு துளிகளும் பெரிய அளவில் பிரிந்து தனித்தனியே ஓடினவா, படிக இடுக்குகளுக்குள்ளேயே நின்றனவா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இப்போதைய முக்கியமான வேலை.

---

நிலவொளி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மிதக்கும் பிளாஜியோகிளேஸ் என்றதும் எழுதத் தோன்றியது. ஸ்கேர்கார்டில் அது மிதந்ததற்கான தடம் மங்கலாக இருக்கலாம். நிலாவில் அது ஒரு மேலோட்டையே கட்டியிருக்கிறது. 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் ஏறக்குறைய பிளாஜியோகிளேஸால் மட்டுமே ஆன வெள்ளை அனார்த்தோசைட் துகள்கள் இருந்தன. அதைவைத்து அடுத்த ஆண்டே மாக்மாக் கடல் கருத்து எழுந்தது: நிலாவின் வெளிப்பகுதி முழுக்க உருகியிருந்தது, ஆலிவினும் பைராக்ஸீனும் அடியில் போயின, பிளாஜியோகிளேஸ் மிதந்து மேலோடானது. 2023இல் இறங்கிய சந்திரயான்-3 தென் துருவத்தை நோக்கிய உயர் அட்சத்தில் மண்ணின் சேர்மானத்தை அளந்தது. அதுவும் அந்தச் சித்திரத்தோடு ஒத்துப்போகிறது என்று 2024இல் வெளியானது. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். மிதக்கும் வேகம் குறையும், திசை மாறாது.

---

கரும்பாறை

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக நடைமுறைக் கேள்வி. என் கையில் ஒரு காப்ரோ (ஆழத்தில் உறைந்த பசால்ட் மாக்மாப் பாறை) மாதிரி இருந்தால், அதிலிருந்து நீர்மம் எவ்வளவு வெளியேறியது, எவ்வளவு சிக்கியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வேட்டுக்கு ஒரு சிறு ஊடுருவலைத் தரப்போகிறார்கள்.

---

நுண்ணோக்கி

முதலில் மெல்வெட்டு, அதாவது நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிதாகத் தேய்த்த பாறைத் துண்டு. பிளாஜியோகிளேஸின் மையமும் ஓரமும் ஒரே சேர்மானமாக இருந்தால், படிகம் வளர்ந்து முடியும்வரை இடுக்கு நீர்மம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, சிக்கியது குறைவு. ஓரம் சோடியம் ஏறி வளையமாகத் தெரிந்தால், இடுக்கிலேயே நீர்மம் மாட்டிக்கொண்டு தனியாகப் பரிணமித்திருக்கிறது. இடுக்குகளில் குவார்ட்ஸ், கார பெல்ட்ஸ்பார், பயோடைட், அபடைட் ஊசிகள் இருந்தால் அந்த முடிவு இன்னும் உறுதி. 1960இல் வேஜர், பிரவுன், வாட்ஸ்வொர்த் மூவரும் கொண்டுவந்த குமுலேட் (படிகக் குவியல் பாறை) பாகுபாடு இதைத்தான் அடிப்படையாகக் கொண்டது.

பிறகு மொத்தப் பாறையின் பாஸ்பரஸ். அபடைட் தனிக் கனிமமாக உறையும் மட்டத்துக்குக் கீழே எந்த முக்கியக் கனிமமும் பாஸ்பரஸை ஏற்பதில்லை. ஆகவே பாறையில் உள்ள பாஸ்பரஸ் எல்லாம் சிக்கிய நீர்மத்தின் பங்கு. அந்த நேரத்து நீர்மத்தில் 0.4 சதவீதம் பாஸ்பரஸ் ஆக்சைடு என்று உங்கள் மதிப்பீடு, பாறையில் 0.04 என்றால், பத்தில் ஒரு பங்கு நீர்மம் சிக்கியது. சிர்க்கோனியத்தை வைத்தும் இதேபோல் கணக்கிட்டு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பைராக்ஸீன் கொஞ்சம் சிர்க்கோனியத்தை ஏற்கும் என்பதால் அந்தத் திருத்தம் வேண்டும்.

ஆலிவின் சேர்மானத்தை நேரடியாக நம்ப வேண்டாம். சிக்கிய நீர்மம் ஆறும்போது பழைய ஆலிவினோடு இரும்பு-மக்னீசியம் மாற்றிக்கொண்டு அதை இரும்புப் பக்கம் இழுத்துவிடும். ஆலிவின் குறைவாகவும் நீர்மம் அதிகமாகவும் இருந்த மாதிரிகளில் இழுப்பு பெரிது. அதைத் திருத்தாமல் வரைந்தால், மாக்மா பரிணமித்ததாகத் தோன்றும் ஏற்ற இறக்கம் உண்மையில் சிக்கிய நீர்மத்தின் ஏற்ற இறக்கமாக இருக்கும். பிளாஜியோகிளேஸ் மையங்களை அளந்து பக்கத்தில் வையுங்கள். அதற்குள் கால்சியமும் சோடியமும் இடம் மாறுவது மிக மெதுவாகத்தான் நடக்கும் என்பதால் மையம் பழையதைக் காப்பாற்றி வைத்திருக்கும். மாதிரி எடுக்கும்போது உயரத்தைக் குறித்துக்கொண்டு, தரையிலிருந்து மட்டும் எடுக்காமல் சுவரோரத்திலும் எடுங்கள். ஊடுருவலின் பெயர் முடிவானதும் இங்கே எழுதுங்கள், வரைபடத்தைச் சேர்ந்தே பார்ப்போம்.